வடக்கு டிவிசன், கொரியா

போன மாதம் கோல சிலாங்கூரில் கூடி மீன் தலைக்கறி சாப்பிட்டோமே, அன்றைக்கு நம்மோடு படித்தவள் ஒருத்தி அலுத்துக்கொண்டாள். "எங்க வீட்டுப் புள்ளைங்களுக்கு எந்நேரமும் கொரியா, கொரியாதான். நாம ஏதாச்சும் வாயத் தொறந்தா, உங்களுக்கு என்னா தெரியும்னு கேக்குதுங்க லா." நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. எனக்குத் தெரியும் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயில் மீன் முள் இருந்தது, விட்டுவிட்டேன்.

இப்போது எழுதுகிறேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள். கொரியாவை நமக்குத் தொலைக்காட்சி அறிமுகப்படுத்தவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே நம் ரப்பர் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, நம் லயத்திலிருந்து, அந்த நாட்டுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. உறை மேல் விலாசம் எழுதியது நான். அதுவும் தப்பாக எழுதினேன்.

நாம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டில் இருந்தோம். தோட்டம் துண்டாடப்பட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. துண்டாடல் என்ற வார்த்தையை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் மீன் வெட்டுவது என்று நினைப்பார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்தைக் கூறு போட்டு விற்றுவிட்டுக் கப்பல் ஏறியதற்கு நாம் வைத்த பேர் அது. நம் தோட்டம் இரண்டு டிவிசன், அதாவது இரண்டு பிரிவு. தெற்கு டிவிசனில் நாம் இருந்தோம். வடக்கு டிவிசனைச் சீன முதலாளி ஒருவர், ஒரு தவுக்கே, வாங்கினார். நடுவில் ஒரு வாய்க்கால், வாய்க்காலின் மேல் தித்தி என்று நாம் சொல்லும் பலகைப் பாலம். தவுக்கே அந்தப் பலகையின் மறுமுனையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார். மாரியம்மன் கோயில் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. பூசாரியும் அந்தப் பக்கம். என் சித்தப்பா வீடும் அந்தப் பக்கம்தான்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் நம் அம்மாக்கள் என்ன செய்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? குளித்து, பூ வைத்து, வாய்க்கால் ஓரம் வரிசையாக நின்றார்கள். பூசாரி கோயில் வாசலுக்கு வந்து நம் பக்கம் திரும்பி மணி அடிப்பார், கற்பூரத் தட்டை உயர்த்திக் காட்டுவார். இங்கே இவர்கள் பலகை முனையில் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, வடக்குப் பார்த்துக் கும்பிடுவார்கள். நாம் பக்தியா பண்ணினோம்? உடைந்த தேங்காய்ச் சில்லு யாருக்கு என்று அடித்துக்கொண்டோம்.

அந்த வருஷம்தான் தோட்டத்துக்குப் பின்னால் ஆற்றில் புதுப்பாலம் போட ஆரம்பித்தார்கள். லோரி லோரியாகக் கம்பி வந்தது. தகரக் கொட்டகைகள் முளைத்தன. கொட்டகைக்கு ஒருவராக வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், அளவெடுக்கும் முக்காலிக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு நம் லயத்து வழியாக நடந்து வந்தார். ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். "ஜப்பான்காரன் திரும்பி வந்துட்டான்டி!" என்று உள்ளேயிருந்து சத்தம். தோட்ட வேலையை மேற்பார்க்கும் நம் மண்டோர், யாருக்கும் பயப்படாத மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். யுத்தத்தில் ஜப்பான்காரன் நம் நாட்டைப் பிடித்திருந்தபோது, முப்பது வருஷத்துக்கு முன்னால் பழகிய குனிவு அது. முதுகு மறக்கவில்லை.

வந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. "புக்கான் ஜெப்புன்! புக்கான் ஜெப்புன்!" என்று கத்தினார். ஜப்பான்காரன் இல்லை என்று மலாயில் சொல்கிறார். பிறகு நெஞ்சில் தட்டி, "கொரியா" என்றார். நாம் அவருக்குப் பாலத்துக்காரர் என்று பேர் வைத்தோம்.

கொரியா என்று கேட்டதும் மற்றவர்கள் சமாதானமானார்கள். சமாதானம் ஆகாதவர் என் அப்பா ஒருவர்தான்.

என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். தோட்டத்துத் தபால் ஆள். பித்தளைப் பூட்டுப் போட்ட தோல் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு தினமும் கோல சிலாங்கூர் தபால் நிலையத்துக்குப் போய் வருவார். உங்கள் வீட்டு இந்தியக் கடிதமெல்லாம் அவர் கையால்தான் வந்தது. அவருக்கு இடது காது கேட்காது. ஏன் என்று நாம் யாரும் யோசித்ததில்லை. எனக்கு மட்டும் தெரியும். பதினெட்டு வயதில் ஜப்பான்காரர்கள் அவரைச் சயாமுக்கு, தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலையில் வரிசையில் நிறுத்தி, ஜப்பான் மொழியில் ஆளுக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். அப்பா ஒருநாள் காய்ச்சலில் தன் எண்ணைத் தவறவிட்டார். காவல்காரன் மூங்கில் தடியால் காதோடு அடித்தான்.

"அடிச்சவன் ஜப்பான்காரன் இல்ல பாப்பா, கொரியாக்காரன். ஜப்பான்காரன் அவன அடிப்பான், அவன் எங்கள அடிப்பான்" என்று அப்பா சொல்வார். சொல்லும்போது அவர் குரலில் கோபம்தான் இருந்தது. ஜப்பான்காரன் அவனை அடிப்பான் என்ற பாதியை நான் இப்போதுதான் சரியாகக் கேட்கிறேன்.

ஆகையால் பாலத்துக்காரர் எதிரே வந்தால் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் போன பிறகுதான் மறுபடி ஏறுவார். பேச்சுக் கிடையாது. அம்மா ஒருமுறை, "அந்தப் புள்ள அப்பச் சின்னப் புள்ளையா இருந்திருக்கும், அவன்கிட்ட என்னாங்க கோவம்?" என்று கேட்டதற்கு, அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

இது ஒரு வெள்ளிக்கிழமை மாறியது. பாலத்துக்காரர் வாய்க்கால் ஓரம் அளவெடுத்துக்கொண்டிருந்தார். நம் அம்மாக்கள் வழக்கம்போல வந்து நின்றார்கள். அந்தப் பக்கம் மணி அடித்தது. கற்பூரம் ஏற்றி, வடக்குப் பார்த்து எல்லாரும் கும்பிட்டார்கள். பாலத்துக்காரர் கருவியிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். மண்டோரிடம், கோயில் அங்கே இருக்க, ஏன் இங்கே நின்று கும்பிடுகிறார்கள், நடந்து போகக் கூடாதா என்று கேட்டார். மண்டோர் தனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினார். ஒரே தோட்டம்தான், வெட்டிவிட்டார்கள், கேட் போட்டுவிட்டார்கள், அந்தப் பக்கம் சாமி, சொந்தக்காரர்கள், செத்தவர்களின் குழிகள் எல்லாம் இருக்கின்றன என்று. கடைசியில், "எங்க பாஷையில துண்டாடல்" என்றார்.

பாலத்துக்காரர் அந்த வார்த்தையை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கருவியின் மேல் மாட்டினார். நம் அம்மாக்கள் வரிசையின் கோடியில் போய் நின்றார். நேர் வடக்கே திரும்பி, மண்டியிட்டு, நெற்றி புல்லில் படுகிற மாதிரி ஒரு கும்பிடு போட்டார். மாரியம்மனுக்குத்தான் கும்பிடுகிறார் என்று நாம் வாயைப் பொத்திச் சிரித்தோம். எழுந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. "எனக்கும் துந்தாதல்" என்றார்.

அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று இதைப் பார்த்துவிட்டார். மறுநாள் அவராகவே கொட்டகைக்குப் போய், "கொரியா, வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டார். கடைசி வரை அவரை அப்பா அப்படித்தான் அழைத்தார். முறை வைத்துக் கூப்பிட்டதே இல்லை.

எங்கள் வீட்டு முன்னால் இருக்கும் அஞ்சடி நடையில் பலகை போட்டு உட்கார வைத்தோம். மண்டோரும் வந்தார். பாலத்துக்காரர் பேசியது அரைகுறை மலாய், கேட்டவர்களுடையதும் அதேதான், ஆனாலும் ஒரு குறையும் இல்லாமல் புரிந்தது. அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் தன் நாட்டைக் கீறினார். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நாடு, நம் மலாயா மாதிரியே. பல நூறு வருஷம் ஒரே ராஜ்யம், ஒரே பாஷை. பிறகு ஜப்பான்காரன் வந்து முப்பத்தைந்து வருஷம் ஆண்டான். பள்ளிக்கூடத்தில் சொந்த பாஷையைப் பேசினால் அடி. சொந்தப் பேரைக்கூட விடவில்லை, ஜப்பான் பேர் வைத்துக்கொள்ளச் சொன்னான். ஜப்பான் தோற்றது, விடுதலை என்று எல்லாரும் தெருவில் ஆடினார்கள். அந்த ஆட்டம் அடங்குவதற்குள் இரண்டு பெரிய நாடுகள் வந்து குறுக்கே ஒரு கோடு போட்டன. குச்சியால் அவர் அந்தக் கோட்டைப் போட்டபோது மண்ணுக்கு வலிக்கும்போல் இருந்தது.

மண்டோருக்கு ஒரு சந்தேகம். "வித்தவன் யாரு, வாங்கினவன் யாரு?"

"யாரும் விற்கவில்லை."

"விக்காம எப்படிப்பா துண்டாடுவாங்க?"

பாலத்துக்காரர் சிரிக்க முயன்றார். "அதைத்தான் நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

அப்புறம் அவர் தன் கதையைச் சொன்னார். பிறந்தது கோட்டுக்கு வடக்கே. பன்னிரண்டு வயதில் சண்டை வந்தது. மேலும் கீழுமாகப் படைகள் போய் வந்தன. குளிர்காலத்தில் எல்லாரும் தெற்கே ஓடியபோது, அவரும் அவர் அப்பாவும் மட்டும் கிளம்பினார்கள். தங்கச்சி கைக்குழந்தை, பனியில் தாங்காது என்று அம்மா நின்றுவிட்டாள். "மூன்று நாளில் வந்துவிடுவோம்" என்று இவர் அம்மாவிடம் சொன்னார். சண்டை நின்றது, ஆனால் கோட்டில் கம்பிவேலி வந்துவிட்டது. ஆளும் போகக் கூடாது, கடிதமும் போகக் கூடாது. அவர் அப்பா தெற்கிலேயே இறந்துபோனார். அம்மா இருக்கிறாளா இல்லையா என்பதுகூட இவருக்குத் தெரியாது.

இதைச் சொல்லும்போது பாலத்துக்காரர் என் அப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். அப்பா, "இந்தப் பக்கம் வா" என்று வலது பக்கத்தைத் தட்டிக் காட்டினார். காதுக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார்.

"சயாம் ரயில்" என்றார் அப்பா.

பாலத்துக்காரர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். "எங்கள் ஊர்ப் பையன்களையும் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். காவல் வேலைக்கு" என்றார். தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னை அடிச்சது ஜப்பான்காரன்" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா, நீங்க கொரியாக்..." என்று ஆரம்பித்தேன். "பாப்பா, உள்ள போயி கோப்பி கொண்டா" என்றார். அந்த மாதிரி அழுத்தமாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. அடுப்படியில் நின்று எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்த்த அப்பா, என் கண்ணுக்கு முன்னால் பொய் சொன்னாரே என்று. இத்தனை வயதுக்குப் பிறகு சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் கேட்ட பேச்சிலேயே உயர்ந்தது அந்தப் பொய்தான்.

கோப்பியைக் குடித்துவிட்டு அவர் தயங்கித் தயங்கித் தன் தேவையைச் சொன்னார். தன் நாட்டிலிருந்து வடக்கே கடிதம் அனுப்ப வழியில்லை. மலேசியாவிலிருந்து அனுப்பலாம், இந்த நாட்டுக்கு இரண்டு பக்கமும் உறவு உண்டு. ஆனால் இவர் பேரில் அனுப்பினது கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும், ஊர் திரும்பினால் சிறை. யாராவது பேரும் விலாசமும் தர முடியுமா?

அன்றைய நிலைமை உங்களுக்குத் தெரியும். வடக்குக் கொரியா கம்யூனிஸ்ட்டு நாடு. நம் அப்பா அம்மாக்கள், வெள்ளைக்காரன் கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் முள்வேலிக்குள் இருந்து, அரிசியைப் பிடியளவுக்கு அளந்து வாங்கியவர்கள். கம்யூனிஸ்ட்டு என்ற வார்த்தையை வீட்டுக்குள்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அப்பாவிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. ஐந்து வயதில் கப்பலில் வந்தவர், இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை. மூன்றாவது முறையாக குடிமக்களுக்கான நீலக் கார்டுக்கு மனுப்போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கென்ன பைத்தியமா? நாளைக்கு உங்களக் கப்பல் ஏத்திவிட்டா நானும் புள்ளையும் எங்க போறது? அவருக்கு ஒரு வேலி நடுவுல நிக்குது. நமக்குக் கடலே நிக்குமுங்க!"

அப்பா தோல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "இந்தத் தோட்டத்துக் கடுதாசி எல்லாத்தையும் இருபது வருசமா நான் தூக்குறேன். எத்தன அம்மாவுங்களுக்குக் கொண்டுபோயிக் குடுத்திருக்கேன். இந்த ஒரு அம்மாவுக்கு மாட்டேன்னு சொன்னா, நாளைக்கு அந்தப் பைய எப்படித் தோள்ல போடுவேன்?"

மறுநாள் அம்மா பலகாரம் சுட்டுக் கொட்டகைக்குக் கொடுத்தனுப்பினாள். அதுதான் அவளுடைய சம்மதம்.

பாலத்துக்காரர் கடிதத்தை எழுதிக் கொண்டுவந்தார். உள்ளே என்ன எழுதியிருந்ததோ. உறை மேல் ஊர்ப் பெயரும் அவர் அம்மா பெயரும் வட்டமும் கோடுமாகக் கொரிய எழுத்தில் இருந்தன. அதற்குக் கீழே நாட்டின் பேரும், அனுப்புகிறவர் விலாசமும் ஆங்கிலத்தில் வேண்டும். "கொரியா, உத்தாரா" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் அவர் போய்விட்டார். உத்தாரா என்றால் மலாயில் வடக்கு. நம் வகுப்பில் ஆங்கிலக் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்பா பலகையைத் துடைத்து, உறையை வைத்து, மைப்பேனாவைக் கொடுத்தார். முதலில் அனுப்புகிறவர் பக்கம்: அப்பா பேர், லயத்து வீட்டு எண், சவுத் டிவிசன், தோட்டத்தின் பேர், கோல சிலாங்கூர். அப்புறம் அந்தப் பக்கம்.

"வடக்கு டிவிசன், கொரியான்னு எழுது பாப்பா" என்றார் அப்பா.

நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓர் எழுத்துகூடச் சாயாமல், நார்த் டிவிசன், கொரியா என்று எழுதினேன். இருவருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. வடக்கு என்று ஒன்று இருந்தால் அது டிவிசனாகத்தானே இருக்க வேண்டும்?

இரண்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை காலை, சாதாரணச் சட்டை போட்ட ஒரு போலீஸ் அதிகாரி ஸ்கூட்டரில் வந்து எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தினார். அப்பாவின் சிவப்புக் கார்டைக் கேட்டு வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். லயமே கதவிடுக்கில் நின்றது. உங்களில் சிலரும் அங்கே நின்றீர்கள். ஆனால் அவர்கள் மலாயில் பேசியது என் காதுக்குத்தான் எட்டியது. நான் அப்பாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"கொரியாவில் உனக்கு யார் இருக்கிறார்கள்?"

"என் தம்பியோட அம்மா."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "தம்பியின் அம்மா என்றால் உனக்கும் அம்மாதானே?"

அப்பா யோசித்தார். "ஆமாங்க. கணக்குப் பார்த்தா அப்படித்தான் வருது" என்றார்.

"அம்மாவைப் பார்த்திருக்கிறாயா?"

"இல்ல. நடுவுல கேட் போட்டுட்டாங்க."

அதிகாரி ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "நார்த் டிவிசன், கொரியா என்று எழுதியிருக்கிறதே, இது எந்தத் தோட்டம்?"

"அது துண்டாடின தோட்டமுங்க" என்றார் அப்பா. குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கைலியைப் பிடித்திருந்த என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி ஓர் இடமே உலகத்தில் கிடையாது" என்று அதிகாரி சொன்னார். அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டார். கடைசியில் அதை அப்பா கையில் கொடுத்து, "கவனமாக இரு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். அவர் எங்கள் மேல் இரக்கப்பட்டாரா, இல்லை முட்டாள்கள் என்று முடிவு கட்டினாரா, எனக்குத் தெரியாது.

"பாலத்துக்காரன்கிட்ட இந்த ஆளு வந்தது பத்தி மூச்சு விடக் கூடாது. பயந்துக்குவான்" என்று அப்பா எங்களிடம் சொன்னார். ஆக, அப்பா அவரைத் தம்பி என்று சொன்னது அவருக்குத் தெரியாமலே போனது.

எனக்கு மனசுக்குள் வேறு புயல். அப்படி ஓர் இடமே கிடையாது என்றாரே! விலாசம் தப்பு. கடிதம் எந்தக் கடலிலோ மிதக்கிறது. ஒரு மனிதன் இருபத்து மூன்று வருஷம் காத்திருந்து எழுதிய கடிதத்தை என் அழகான கையெழுத்து கெடுத்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை வாய்க்கால் ஓரத்தில் பாலத்துக்காரரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அந்த அதிகாரி வந்ததை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அவர் என்ன எழுதினேன் என்று இரண்டு முறை கேட்டார். பிறகு புல்லில் உட்கார்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அவர் சிரித்து நாம் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிப்பு அடங்கியதும் வாய்க்காலையும் கேட்டையும் ஒருமுறை பார்த்தார். "நீ எழுதினதுதான் சரியான பேர்" என்றார். அதை என் மனசு ஆற வேண்டுமே என்று சொன்னார் என்றுதான் நினைத்தேன்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் மத்தியானம், அப்பா வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்தார். தோட்டத்துப் பையைத் திறக்கவே இல்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். ஓரம் கிழித்துப் பார்த்து, மறுபடி பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். முன்பக்கம் அப்பா பேர். பின்பக்கம், ஆங்கிலமே தெரியாத யாரோ, படம் வரைவதுபோல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதியிருந்தார்கள்: நார்த் டிவிசன், கொரியா.

என்னைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து அப்பா மிதித்த மிதி இருக்கிறதே, அப்படி ஒரு வேகத்தை நான் பிறகு எந்த வாகனத்திலும் பார்த்ததில்லை. பாலம் முடியும் தறுவாயில் இருந்தது. நடுவில் இரண்டு பலகைதான் போட்டிருந்தார்கள். சைக்கிளை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பலகை மேல் நடந்தார். கீழே ஆறு சேற்று நிறத்தில் ஓடியது. அந்தப் பாலத்தைக் கடந்த முதல் ஆள்கள் நாங்கள் இருவரும்தான். திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் அப்புறம்தான்.

பாலத்துக்காரர் சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து படித்தார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். முக்கால்வாசி அரசாங்கத்தைப் புகழ்ந்து எழுதியிருக்கிறது, அப்படி எழுதினால்தான் விடுவார்கள் என்றார். கடைசி நாலு வரி மட்டும் தங்கச்சி எழுதினது. அம்மா இருக்கிறாள். கண் மங்கிவிட்டது. அவர் சாப்பிட்ட கிண்ணத்தை இன்னும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். மூன்று நாள் என்று சொல்லிவிட்டுப் போனானே, சரியாகச் சாப்பிடுகிறானா என்று கேட்கச் சொன்னாள்.

அவர் எழுந்தார். அப்பாவின் இடது பக்கம் போய் நின்றார். அப்பா, "கொரியா, இந்தப் பக்கம் வா" என்று வலது காதைத் தொட்டுக் காட்டினார். அவர் நகரவில்லை. கேட்காத காதுக்கு நேராகக் குனிந்து, மலாயில் இல்லை, தன் சொந்த பாஷையில் மெதுவாகப் பேசினார். கொஞ்சம் நீளமான பேச்சு. அதில் ஒரு சத்தம் மட்டும் மூன்று முறை வந்தது. முடித்துவிட்டு, வாய்க்கால் ஓரம் போட்டாரே, அதே கும்பிடு. அப்பா பதறி அவரைத் தூக்கி நிறுத்தி முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பி வரும்போது அப்பா சொன்னார். "பாவம், சந்தோசத்துல எந்தக் காதுன்னு மறந்துட்டான்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பாலம் திறந்ததும் பாலத்துக்காரர் போய்விட்டார். அம்மா, அவர் பயந்து பதில் எழுத மாட்டார், நம்மை மறந்துவிடுவார் என்றாள். அது ஒன்றுதான் அம்மா சரியாகச் சொன்னது. கடிதமே வரவில்லை. அப்பாவுக்கு நீலக் கார்டு எனக்கு முதல் குழந்தை பிறந்த பிறகுதான் கிடைத்தது. அந்த ஸ்கூட்டர் அதிகாரியின் நோட்டுப் புத்தகம்தான் காரணமா என்று நான் கேட்டதற்கு, "அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டார். வருத்தப்பட்டதே இல்லை. சாகிறவரைக்கும் அந்தத் தோல் பையின் பூட்டுச் சாவியை இடுப்புக் கயிற்றில் வைத்திருந்தார்.

கேட்காத காது விஷயம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. அவர் மறக்கவில்லை. எந்தக் காது என்று தெரிந்துதான் அந்தப் பக்கம் நின்றார். அப்பா சொன்ன பொய்யை அவர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். மன்னிப்புத்தான் கேட்டிருப்பார் என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

போன மாதம் உங்களோடு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன் அல்லவா? என் மகன் செரண்டாவில் தொழிற்சாலை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். அங்கே அவனுக்கு மேலே இருப்பவர்கள் கொரியாக்காரர்கள். ஐம்பது வருஷமாக என் காதில் இருந்த அந்த ஒரு சத்தத்தை முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லி, "ஹியோங்நிம், ஹியோங்நிம்னா மன்னிச்சுக்கன்னு அர்த்தமாய்யா?" என்று கேட்டேன்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தான். "இல்ல லா ம்மா. அண்ணேன்னு அர்த்தம். மரியாதையாக் கூப்புடறது."

அதிகாரியிடம் அப்பா தம்பி என்று சொன்னதைப் பாலத்துக்காரர் கேட்கவில்லை. அவர் அண்ணே என்று மூன்று முறை கூப்பிட்டதை அப்பா கேட்கவில்லை. இரண்டையும் கேட்டவள் நான் ஒருத்திதான்.